முழங்கால் நீர்க்கட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவலிக்காக ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர், அறிக்கையின் கடைசி வரியில் ‘பேக்கர் சிஸ்ட்’ என்று இருப்பதைக் கண்டதும், வலியை மறந்துவிட்டு அந்தச் சொல்லைப் பற்றியே கவலைப்படத் தொடங்குகிறார். முழங்காலில் தோன்றும் நீர்க்கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது இந்தப் பேக்கர் கட்டிதான் என்பதால், கீழே உள்ள விடைகளில் பெரும்பகுதி அதைப் பற்றியது. ஏனைய கட்டிகளுக்குத் தனியே ஒரு விடை உண்டு.

பேக்கர் சிஸ்ட் என்றால் என்ன?

முழங்காலின் பின்பக்கக் குழியில், மூட்டுக்குள் இருக்க வேண்டிய திரவம் ஒரு பைக்குள் வந்து தேங்கி நிற்பதையே பேக்கர் நீர்க்கட்டி என்கிறோம். இந்தப் பை புதிதாக முளைத்தது அன்று. கெண்டைக்கால் தசையின் உட்பக்கத் தலையும், தொடையின் பின்புறத்திலிருந்து இறங்கி வரும் ஒரு தசைநாணும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளாமல் இருப்பதற்காக, அவற்றுக்கு இடையே மெல்லிய சவ்வுப் பை ஒன்று இயல்பாகவே அமைந்திருக்கிறது. வெறுமனே தட்டையாகக் கிடக்கும் அந்தப் பை, மூட்டிலிருந்து கசிந்து வரும் திரவத்தால் நிரம்பி உப்பும்போது நம் கைக்குக் கட்டியாகத் தட்டுப்படுகிறது. சிலருக்கு அது நெல்லிக்காய் அளவில் நின்றுவிடும். சிலருக்கு எலுமிச்சை அளவுக்கு வளரும். அரிதாகக் கெண்டைக்காலின் நடுப்பகுதி வரை இறங்குவதும் உண்டு.

இது புற்றுநோய்க் கட்டியா?

இல்லை. இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் நம் மொழி வழக்கு என்றே தோன்றுகிறது. சீழ் வைத்த கொப்புளத்தையும், கொழுப்புத் திரளையும், நீர் நிறைந்த பையையும், புற்றுநோயையும் நாம் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். பேக்கர் கட்டிக்குள் இருப்பது திரவம் மட்டுமே; அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

ஆனால் முழங்காலுக்குப் பின்னால் உள்ள எல்லா வீக்கமும் பேக்கர் கட்டி அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேக்கர் கட்டி பெரும்பாலும் குழியின் உட்பக்கமாக, அதாவது மற்றொரு காலை நோக்கிய பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தில் இல்லாத கட்டி, கல்போல் கெட்டியான கட்டி, வாரத்துக்கு வாரம் வளரும் கட்டி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருந்தால், ‘நீர்க்கட்டிதான்’ என்று கையால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்துவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். விரல் வைத்தால் நாடிபோலத் துடிக்கும் வீக்கம் முற்றிலும் வேறானது. அது முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் உப்பியதாக இருக்கலாம். அதில் ஊசி குத்துவது பேராபத்து.

திரவம் ஏன் பின்பக்கம் போய்த் தேங்குகிறது?

நலமான முழங்காலுக்குள் இருக்கும் மூட்டுத் திரவம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக இருந்து, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேயாமல் காப்பது அதன் வேலை. மூட்டுக்குள் ஏதேனும் ஒன்று பழுதாகி, தொடர்ந்து உறுத்திக்கொண்டிருந்தால், மூட்டின் உட்சவ்வு வேண்டியதைவிட அதிகமாகத் திரவத்தைச் சுரக்கிறது. அழுத்தம் கூடும்போது அது வழி தேடுகிறது. மூட்டுறையின் பின்புறத்தில் அந்தப் பைக்குச் செல்லும் சிறு திறப்பு பெரியவர்கள் பலருக்கு உண்டு. திரவம் அதன் வழியே வெளியேறுகிறது.

போன திரவம் ஏன் அதே வழியில் திரும்பி வருவதில்லை என்பதுதான் சுவையான பகுதி. அந்தத் திறப்பின் ஓரத்தில் உள்ள மடிப்பு, சைக்கிள் டியூபின் வால்வைப் போல வேலை செய்கிறது. காலை மடக்கும்போது திறந்து திரவத்தை உள்ளே விடும். நீட்டும்போது சுற்றியுள்ள தசைகள் இறுகி வழியை அடைத்துவிடும். பைக்குள் சிக்கிய திரவத்திலிருந்து நீர்ப்பகுதி மெல்ல உறிஞ்சப்படுவதால், நாளாக ஆக எஞ்சியது கெட்டிப்பட்டுத் தேன்போல் ஆகிவிடுகிறது. அப்புறம் அது திரும்பிப் போவது இன்னும் கடினம்.

எனவே, பெரியவர்களுக்கு வரும் பேக்கர் கட்டியைத் தனி நோயாகக் கருதுவதைவிட, மூட்டுக்குள் உள்ள பழுதின் வெளி அடையாளமாகக் கருதுவதே சரி. சிகிச்சை பற்றிய எல்லா விடைகளும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் கிளைக்கின்றன.

பேக்கர் என்பது யாருடைய பெயர்?

லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் மொரன்ட் பேக்கர் என்பவரின் பெயர். மூட்டு நோயுள்ளவர்களுக்கு மூட்டுத் திரவம் வெளியேறிப் பின்னால் பையாகத் திரள்வதை அவர் 1877இல் விவரித்து எழுதினார். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் 1840இலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் பெயர் பேக்கருக்கே நிலைத்துவிட்டது. ரொட்டி சுடும் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எந்தப் பழுதுகளால் இது வருகிறது?

நடுவயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் காரணம் மூட்டுத் தேய்மானம். அடுத்தது, தொடை எலும்புக்கும் கணுக்கால் பக்கம் இறங்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் அமைந்திருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பில் ஏற்படும் கிழிசல். இதையும் நம்மூரில் ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்றே சொல்கிறார்கள். மூட்டைக் கட்டி நிறுத்தும் தசைநார் அறுந்தாலும் அதே சொல்தான். இரண்டும் வெவ்வேறு உறுப்புகள், சிகிச்சையும் வேறு என்பதால், எந்த ஜவ்வு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முடக்குவாதம், யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட், பழைய அடிபட்ட காயம் ஆகியவையும் காரணங்களே.

என் குழந்தைக்கு இதே இடத்தில் கட்டி இருக்கிறது. அவனுக்கும் மூட்டு தேய்ந்திருக்குமா?

இல்லை. குழந்தைகளுக்கு, குறிப்பாக 4 முதல் 7 வயது வரையிலான பையன்களுக்கு, மூட்டில் எந்தப் பழுதும் இல்லாமலேயே இந்தப் பை நிரம்புவதுண்டு. குளிப்பாட்டும்போது அம்மா தற்செயலாகக் கண்டுபிடிப்பதே வழக்கம். குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும், வலி என்று சொல்லாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நீர்க்கட்டிதான் என்று உறுதியாகிவிட்டால், பெரும்பாலும் சும்மா விட்டுவிடுவதே சிகிச்சை. மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில், தானாகவே வற்றிவிடும். முழங்காலே வீங்கியிருந்தாலோ, காலையில் எழுந்ததும் குழந்தை நொண்டினாலோ, காய்ச்சல் இருந்தாலோ மட்டும் சிறுவர் மூட்டுவாதம் முதலியவற்றைத் தேட வேண்டும்.

என்னென்ன உபாதைகள் இருக்கும்? கட்டி ஒருநாள் பெரிதாகவும் ஒருநாள் சிறிதாகவும் இருக்கிறதே?

பலருக்கு எந்த உபாதையும் இருக்காது. உபாதை உள்ளவர்கள் சொல்வது வலியைவிட ‘இறுக்கம்’ என்பதையே. காலை முழுவதும் நீட்டினால் பின்னால் இழுத்துப் பிடிக்கும். சம்மணமிட்டாலோ குந்தி உட்கார்ந்தாலோ நடுவில் ஒரு பந்தை வைத்து மடக்கியதுபோல் இருக்கும். நெடுநேரம் நின்று வேலை செய்த நாளில் மாலைக்குள் பெரிதாகும். மூட்டு எவ்வளவு சுரக்கிறதோ அதற்கேற்ப அது கூடிக் குறைவது இயல்பு.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். குப்புறப் படுத்துக்கொண்டு, காலை நேராக நீட்டியபடி, வேறொருவரை அந்தக் கட்டியை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விறைப்பாக இருக்கும். அப்படியே காலைப் பாதியளவு மடக்கினால், அதே கட்டி தொய்ந்து, சிலவேளை கைக்கே தட்டுப்படாமல் போய்விடும். திடமான கட்டிகள் இப்படி மாறுவதில்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் பழைய சோதனைதான் இது என்றாலும், ஸ்கேனுக்கு மாற்று ஆகாது.

கட்டி உடைந்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நிரம்பிய பை சில வேளைகளில் கிழிந்து, உள்ளிருக்கும் திரவம் கெண்டைக்கால் தசைகளுக்கு இடையே கீழே வழிந்துவிடும். திடீரென்று ஆடுசதையில் சுரீரென்ற வலி, அதற்குள் வெந்நீர் ஓடுவதுபோன்ற உணர்வு, பிறகு வீக்கம், சிவப்பு, தொட்டால் சூடு ஆகியவை தோன்றும். சில நாள்கள் கழித்து உட்கணுக்காலுக்குக் கீழே பிறைவடிவில் நீலம் பாரித்துத் தெரியலாம். வெளியேறிய திரவத்தை உடல் சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுப்பதும், வலிக்கு மாத்திரையும் பெரும்பாலும் போதும்.

சிக்கல் என்னவென்றால், காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தாலும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். அந்த உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. ‘எனக்கு ஏற்கெனவே பேக்கர் கட்டி உண்டு, அதுதான் உடைந்திருக்கும்’ என்று வீட்டில் இருந்துவிடுவது மிகப் பெரிய தவறு. கட்டி இருப்பவருக்கும் ரத்தம் உறையலாம், இரண்டும் ஒரே காலில் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பல நாள் படுக்கையில் இருந்தவர், நெடும்பயணம் செய்தவர், கர்ப்பிணி, பிள்ளை பெற்றவர், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர், புற்றுநோய் உள்ளவர், முன்பு ஒருமுறை ரத்தம் உறைந்தவர் ஆகியோர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மறுபக்கத் தவறும் உண்டு: உடைந்த நீர்க்கட்டியை ரத்த உறைவு என்று தவறாகக் கருதி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், கெண்டைக்காலுக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாகலாம். இரண்டையும் பிரித்தறிய, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதை அன்றைக்கே எடுக்க வேண்டும்.

காலில் வீக்கத்தோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்; தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பாதம் மரத்துப்போய், வெளுத்து, விரல்களை அசைத்தாலே ஆடுசதையில் தாங்க முடியாத வலி எடுத்தால் அதுவும் அவசர நிலையே. தசை அறைக்குள் அழுத்தம் கூடிவிட்டதன் அறிகுறி அது. சில மணி நேரத்துக்குள் அறுத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசை செத்துவிடும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் கரைந்துவிடாதா?

கரையாது. மேலே சொன்ன காரணத்துக்காகவே, திடீரென்று வீங்கிய கெண்டைக்காலை யாரையும் நீவ விடாதீர்கள். உள்ளே இருப்பது ரத்த உறைவாக இருந்தால், அழுத்தி உருவுவதில் அது பிய்ந்துகொள்ளக்கூடும். கட்டியைக் கட்டைவிரலால் அழுத்தி ‘உடைத்துவிடுவது’, சூடு போடுவது, நூலால் இறுகக் கட்டுவது ஆகியவையும் வேண்டாம். நாள்பட்ட இறுக்கத்துக்கு நொச்சி இலை ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ இதமாக இருந்தால் தடையில்லை. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் சூட்டை உணராமல் தோலைப் பொசுக்கிக்கொள்வது நடக்கிறது, அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன பரிசோதனைகள் தேவை?

முதலில் அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. உள்ளே இருப்பது நீரா, திடப்பொருளா, துடிக்கும் ரத்தக்குழாயா என்பதை உடனே காட்டிவிடும். பையிலிருந்து மூட்டை நோக்கிச் செல்லும் குறுகிய கழுத்து தெரிந்தால் பேக்கர் கட்டி என்பது உறுதி. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே தேய்மானத்தின் அளவைக் காட்டும். படுத்தபடி எடுத்தால் எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி உண்மையைவிட அதிகமாகத் தெரியலாம். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டியதில்லை. குருத்தெலும்புக் கிழிசல் இருக்குமோ என்ற ஐயம், கட்டியின் தன்மை தெளிவாகாமை, அறுவை சிகிச்சைக்கான திட்டம் ஆகிய சூழ்நிலைகளில் அது பயன்படும். முடக்குவாதமோ கவுட்டோ இருக்கலாம் என்று தோன்றினால் ரத்தப் பரிசோதனைகள் சேரும்.

முழங்காலில் வேறு எந்த நீர்க்கட்டிகள் வரும்?

பிறைக் குருத்தெலும்பு கிடைவாக்கில் பிளந்தால், அந்தப் பிளவின் வழியே திரவம் வெளித்தள்ளப்பட்டு, மூட்டின் ஓரத்தில் பட்டாணி அளவிலோ சற்றுப் பெரிதாகவோ கட்டி தோன்றும். வெளிப்பக்கத்தில் வருவது கைக்கு எளிதில் தட்டுப்படும். எலும்பு துருத்திக்கொண்டிருப்பதாகவே பலர் நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவு கெட்டியாக இருக்கும். காலை நன்றாக மடக்கினால் அது உள்ளே போய் மறைந்துவிடும். ஊசியால் உறிஞ்சினால் பெரும்பாலும் திரும்ப நிரம்பும் என்பதால், தொல்லை தருவதாக இருந்தால் நுண்துளை வழியாகக் கிழிசலைச் சரிசெய்து, அதன் வழியே கட்டியையும் வடித்துவிடுகிறார்கள்.

மூட்டுக்குள்ளேயே, சிலுவைபோல் குறுக்கிட்டுக் கிடக்கும் தசைநார்களின் மேல் அரிதாக ஒரு வகைக் கட்டி உருவாகும். கேங்லியன் எனப்படும் இதற்குள் இருப்பது நுங்கின் உட்சதைபோலக் கொழகொழப்பான திரவம். வெளியே எதுவும் தெரியாது. காலைக் கடைசிவரை மடக்கவோ நீட்டவோ முடியாமல் தடுக்கும். வேறு காரணத்துக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தற்செயலாகத் தெரிந்து, உபாதை எதுவும் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றியபடி, பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கான நரம்பு தோலுக்கு மிக அருகில் செல்கிறது. அங்கே வரும் கேங்லியன் சிறியதாக இருந்தாலும் அந்த நரம்பை நெரித்துவிடும். நடக்கும்போது செருப்பு அடிக்கடி நழுவுவது, கால் கட்டைவிரல் படியில் தட்டுவது, பாதத்தின் மேற்புறம் மரத்துப்போவது ஆகியவை தொடக்க அறிகுறிகள். இதை ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. நரம்பு நெரிபட்டுக் கிடக்கும் காலம் நீள நீள, அறுவைக்குப் பின் வலு முழுவதும் திரும்பும் வாய்ப்பு குறையும்.

முழங்கால் சில்லுக்கு முன்னால் வரும் வீக்கம் மூட்டோடு தொடர்பற்றது. டைல்ஸ் ஒட்டுபவர்கள், தரை துடைப்பவர்கள், நெடுநேரம் முழந்தாளிட்டு ஜெபிப்பவர்கள் ஆகியோருக்கு, சில்லின் மேலுள்ள பை அழுத்தத்தால் வீங்குகிறது. ஆங்கில மருத்துவத்தில் இதற்கு ‘வீட்டுப் பணிப்பெண் முழங்கால்’ என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. மண்டியிடுவதை நிறுத்தினாலோ, மெத்தை வைத்துக்கொண்டாலோ பெரும்பாலும் வடிந்துவிடும். தோல் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்று. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும்.

எனக்கு வலி இல்லை. சிகிச்சை தேவையா?

வேண்டாம். ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காக மட்டும் எதையும் எடுத்துவிட வேண்டியதில்லை.

வலி இருந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூட்டை அமைதிப்படுத்த வேண்டும். சில நாள்கள் குந்துவதையும் படியேறி இறங்குவதையும் குறைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று முறை வைக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் முதல் தேர்வு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் மருந்துக்கடையில் ‘மூட்டுவலி மாத்திரை’ என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது. முழங்கால் உறை அணிந்தால் ஆதரவாக இருக்கும் என்றாலும், கட்டிக்குக் கீழே தடம் பதியும் அளவுக்கு இறுக்கமாக வேண்டாம், இரவில் கழற்றிவிடுங்கள்.

பிசியோதெரபி உண்மையிலேயே உதவுமா?

கட்டியை அது கரைப்பதில்லை. மூட்டின் சுமையைக் குறைக்கிறது. தொடையின் முன்தசை வலுவாக இருந்தால், ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் குருத்தெலும்புக்குப் போகவிடாமல் அது ஏற்றுக்கொள்ளும். எளிய பயிற்சி ஒன்று: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, தொடை இறுகுவதை உணர்ந்து, ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்து முறை, காலையும் மாலையும். துண்டு கட்டியின் மேலேயே அழுத்தி வலித்தால் அதைச் சற்று மேலே, தொடைப் பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். இது பழகிய பின் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மற்றதை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. பிறகு தொடையின் பின்தசையை மெல்ல நீட்டும் பயிற்சி. சமதரையில் நடப்பதும், நிலையான சைக்கிளும் நல்லவை. ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் முடிந்தது அல்லவா?

ஊற்றை விட்டுவிட்டுக் கிணற்றை இறைப்பதுபோன்றது அது. ஸ்கேனில் பார்த்தபடி தடித்த ஊசியால் உறிஞ்சும்போது, குழாயில் வைக்கோல் நிறத் திரவம் மெதுவாக ஏறும். பழைய கட்டியாக இருந்தால் அது கெட்டிப்பட்டு ஊசிக்கே வராமல் அடம்பிடிக்கும், உள்ளே தடுப்புகள் இருந்தால் ஒரு அறை மட்டும் வற்றும். எடுத்தவுடன் இறுக்கம் தளர்வது உண்மை. திருமணம், பயணம் என்று சில வாரங்களுக்கு நிம்மதி வேண்டுபவருக்கு அது பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூட்டு சுரந்துகொண்டிருக்கும்வரை பை மறுபடி நிரம்பும்.

அதனால், உறிஞ்சுவதோடு மூட்டுக்குள்ளோ பைக்குள்ளோ ஸ்டீராய்டு ஊசியும் போடுகிறார்கள். மூட்டுக்குள் போட்டாலே கட்டியும் சுருங்குவதைப் பலரிடம் காணலாம். சுரப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பதால் இதில் வியப்பில்லை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும்; முன்கூட்டியே சொல்லி, அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கிருமித் தொற்று இருக்கும் மூட்டில் போடக் கூடாது. ஒரே மூட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் போடுவதும் வழக்கமில்லை. அடிக்கடி போட்டால் குருத்தெலும்பே பாதிக்கப்படலாம்.

அறுவை சிகிச்சை எப்போது?

உள்ளிருக்கும் பழுதுக்கு முறையாகச் சிகிச்சை செய்து, சில மாதங்கள் பொறுத்த பிறகும் நடமாட்டத்தைத் தடுக்கும் அளவுக்குத் தொல்லை நீடித்தால், அல்லது நரம்பையோ ரத்தக்குழாயையோ கட்டி அழுத்தினால். இன்று விரும்பப்படும் முறை ஆர்த்ரோஸ்கோப்பி. சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்தி, கிழிந்த குருத்தெலும்பைச் சரிசெய்து, பின்புறத்தில் உள்ள அந்த வால்வு மடிப்பை அகற்றித் திறப்பை அகலமாக்கிவிடுகிறார்கள்; அதன்பின் திரவம் இருபுறமும் போய்வர முடிவதால் பைக்குள் சிக்குவதில்லை. பின்னால் பெரிதாக அறுத்துக் கட்டியை முழுவதும் வெட்டி எடுக்கும் பழைய முறையும் உண்டு. அந்தக் குழிக்குள் முக்கியமான தமனி, சிரை, நரம்பு மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு செல்வதாலும், மூட்டைக் கவனிக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதாலும், அதைக் கடைசித் தேர்வாக வைத்திருப்பதே சரி என்பது என் கருத்து.

தேய்மானம் முற்றி மூட்டு மாற்று அறுவை செய்துகொள்பவர்களுக்குப் பின்னால் உள்ள கட்டியைத் தனியாக எடுப்பதில்லை. அதன்பின்னும் ஸ்கேனில் பை சில காலம் தெரியலாம். அதைக் கண்டு அறுவை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

தரையில் உட்காரலாமா? என்ன சாப்பிட வேண்டும்?

வலி உள்ள காலத்தில் தரையில் உட்காருவதையும், குந்தி உட்காரும் கழிப்பறையையும் தவிர்க்கலாம். மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வீடுகளில், நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கிறது. வலி தணிந்த பின், காலம் முழுக்கத் தரையைத் துறந்துவிட வேண்டியதில்லை. மூட்டு எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு மடக்கலாம்.

கட்டியைக் கரைக்கும் உணவு எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு ‘வாயு’ என்று ஒதுக்குவதாலும் பயனில்லை. கவுட் உள்ளவர்கள் மட்டும் மது, ஈரல், மிகுதியான இறைச்சி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதற்கு ஈடான மருந்து இல்லை. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

எந்த மருத்துவரிடம் போக வேண்டும்? எதைச் சொல்ல வேண்டும்?

எலும்பு மூட்டு மருத்துவரிடம். இரு கைகளின் விரல் மூட்டுகளும் காலையில் விறைத்துப்போனால், அல்லது பல மூட்டுகள் வீங்கினால், மூட்டுவாத நோய் மருத்துவரிடம் போவது பொருத்தம். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளோடு படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் எப்போதாவது சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனதா, படியிறங்கும்போது நழுவியதா, வீக்கம் முன்னாலும் இருந்ததா என்பவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நடப்பில் உள்ள மாத்திரைகளின் அட்டைகளையும் உடன் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை அதில் இருக்கிறதா என்பது, ஊசி எடுக்கும் முன் அவர் பார்க்க வேண்டிய முதல் செய்தி.